செக்ரோலுக்கு எங்கே இடம்?

ஆயிரம் பேர் வேலை செய்யும் ஒரு தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆண்டில் முந்நூறு நாள் என்று வைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு அவர்களுடைய பேர், நிறுவை, கழிவு, மேலதிகக் கிலோ, சம்பளம் எல்லாம் அடங்கிய செக்ரோலைக் கணினியில் ஏற்றினால் 1 கோடியே 20 இலட்சம் வரிகள் வரும். வரிக்கு 200 பைட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தம் 2.4 கிகாபைட்தான். அதே தோட்டத்துத் தொழிற்சாலைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரேயொரு பாதுகாப்புக் கெமரா, நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவுசெய்தால், மூன்று மணி நேரத்துக்குள் அவ்வளவு இடத்தையும் நிரப்பிவிடும்.

ஒரு தலைமுறை உழைத்ததற்கான சான்று முழுவதும், ஆளே நடமாடாத களஞ்சிய வாசலின் ஒரு முற்பகலும் இடத்தால் சமம். இலங்கையின் ஊவா மாகாணத்துத் தோட்டக் கம்பனிகளும் பதுளை, பண்டாரவளை நகரங்களின் வணிகங்களும் கோப்புகளைச் சேமிக்கச் சொந்தச் சேர்வர் வாங்குவதா, கிளவுட்டில் வாடகைக்கு எடுப்பதா என்று யோசிக்கும்போது, பேச்சு தொடங்குவது டெராபைட்டில். எத்தனை டெராபைட், டெராபைட்டுக்கு என்ன விலை? கெமராவுக்கு இது சரியான கேள்வி. செக்ரோலை இதே கேள்வியால் அளந்தால், அதிக இடம் பிடிக்கும் கோப்புக்கே பணமும் கவனமும் போய்ச் சேரும். தொலைந்தால் கம்பனிக்குச் சிறு தொல்லையும் தொழிலாளிக்குப் பெரும் நட்டமும் தரக்கூடிய சின்னக் கோப்பு ஏதாவதொரு மூலையில் ஒற்றைப் பிரதியாகக் கிடக்கும். சேமிப்புத் தெரிவில் இன்று நடைமுறையிலிருக்கும் வழக்கத்தின் மிகப் பெரிய குறை இதுதான்.

அந்தச் சின்னக் கோப்பு பிறக்கும் இடம் கொழுந்து மடுவம். மாலை நிறுவை நேரம். தொங்கு தராசு இருந்த இடத்தில் இப்போது பல தோட்டங்களில் இலத்திரனியல் தராசு. கொழுந்துச் சாக்கு கொக்கியில் ஏறுகிறது. திரையில் எண் நடுங்கி நிற்கிறது. கணக்கப்பிள்ளை கையிலுள்ள கருவியில் பதிவிலக்கத்தைத் தட்டுகிறார். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போக, மிச்சம் கொழுந்து பறித்தவளின் கணக்கில் விழுகிறது. காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவையையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டுதான் அவள் லயத்துக்குத் திரும்புவாள். மாதம் முடிந்து சம்பளச் சிட்டை வரும்வரை, முழு நாளுக்குப் பேர் விழுந்ததா அரைப்பேர் விழுந்ததா என்று சரிபார்க்க அவளிடமிருப்பது அந்த ஞாபகம் மட்டுமே. எண்ணோ கருவியிலிருந்து தோட்டத்து ஒபிஸ் கணினிக்கும், அங்கிருந்து கொழும்புத் தலைமையகத்துக்கும் போய்விடுகிறது.

மாதச் சம்பளத்தோடு அந்த எண்ணின் வேலை முடிந்துவிடுவதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் போகிறது. 1980இல் வந்த சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 சதவீதம் கட்டுகிறார். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்கு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகக் கிடைக்க வேண்டும். கணக்கிடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அடிப்படையில். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவை வைத்துப் பார்த்தால், பத்து ஆண்டுச் சேவைக்கான பதிவு கிடைக்காமல் போகும் ஒருவர் இழக்கக்கூடிய தொகை 1,89,000 ரூபா. சேமலாப நிதிக் குறைவு அதற்கு மேல்.

பதினெட்டு வயதில் பேர் பதிந்த ஆணுக்கு முதல் மாதத்துச் செக்ரோல் தேவைப்படுவது முப்பத்தேழு ஆண்டு கழித்து. கடந்த அரை நூற்றாண்டில் இந்த நாட்டின் பெருந்தோட்டங்கள் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் அத்தனை காலம் ஒரே கையில் இருந்ததில்லை. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் பொறுப்பேற்றன. 1992இல் முகாமைத்துவம் 22 கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அலமாரியோடு சேர்ந்து பதிவேடுகளும் கைமாறின. சில வந்துசேர்ந்தன, சில வரவில்லை. ஐந்தாண்டு ஆயுளுள்ள சேர்வரையும் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் கிளவுட் ஒப்பந்தத்தையும் பற்றி முடிவெடுப்பவர், உண்மையில் நாற்பது ஆண்டுக்கான முடிவொன்றின் முதல் படியைத்தான் எடுக்கிறார்.

சொந்தச் சேர்வரின் பக்கம் முதலில். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பதினாறு கெமரா உள்ள ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்கு ஏறத்தாழ 345 கிகாபைட் பதிவுசெய்யும். மாதத்துக்கு 10 டெராபைட். மேலே அனுப்பும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் உள்ள இணைப்பு, இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடினாலும், ஒரு நாளில் 108 கிகாபைட்தான் ஏற்றும். ஒரு நாள் காட்சியை ஏற்ற மூன்று நாளுக்கு மேல் வேண்டும். மடுல்சீமையிலோ லுணுகலையிலோ உள்ள தொழிற்சாலைக்கு இது முழுமுடிவான பதில்: காட்சிப் பதிவு அந்தக் கட்டடத்திலேயே இருக்கட்டும், முப்பது நாளில் அழிந்து புதிதாக எழுதப்படட்டும். திருட்டோ விபத்தோ நடந்த நாளின் துண்டை மட்டும் வெட்டி வெளியே அனுப்பினால் போதும்.

பதுளை, பண்டாரவளையில் திருமண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களின் நிலையும் இதே வகை. ஒரு கலியாணத்துக்கு நூறு, இருநூறு கிகாபைட் சேரும். அல்பமும் வீடியோவும் கொடுத்து முடித்தபின் மூலக் காட்சியை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது வாடிக்கையாளரோடு பேசித் தீர்க்கவேண்டிய விசயம். இரண்டு டிஸ்க்கில், இரண்டு கட்டடத்தில் வைத்தால் அவர்களுக்குப் போதும்.

வேகம் இன்னொரு பலம். ஊவாப் பருவத்தில், ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசி அந்தத் தனி மணம் ஏறும் வாரங்களில், வாட்டல் தட்டின் ஈரப்பதமும் உலர்த்தியின் வெப்பமும் நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கவேண்டியவை. கடல் கடந்த மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள சேர்வரிடம் கேட்டுவிட்டு உலர்த்தியை இயக்க முடியாது. இணைய லைன் அறுந்தாலும் தொழிற்சாலை ஓட வேண்டும். பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். பேர் விழ வேண்டும்.

ஆனால் அந்தச் சேர்வர் இருக்கும் அறையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது சேர்வர் அறையே அல்ல. தொழிற்சாலை ஒபிஸின் ஒரு மூலை, பழைய பைல்களோடு பங்குபோட்ட அலமாரி. அரைத்த தேயிலையின் தூசு மின்விசிறி வழியாக உள்ளே போய்ப் பஞ்சுபோல் படிகிறது. பெரிய மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மின்னழுத்தம் ஒருகணம் சரிகிறது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் தரவு நிலையங்களில் ஓடும் டிஸ்க்குகளின் பழுது வீதத்தை வெளியிட்டு வருகிறது. 2024இல் அது 1.57 சதவீதம். குளிரூட்டி, தூசு வடிகட்டி, நாள் முழுதும் கவனிக்கும் ஆட்கள் உள்ள இடத்தில் கிடைத்த எண் அது. தேயிலைத் தூசுக்குள் ஓடும் டிஸ்க்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அந்தச் சேர்வருக்குக் காப்புப் பிரதியாக இருப்பதும், பல இடங்களில், அதே அலமாரியின் மேல்தட்டில் சொருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்தான்.

மலைச் சரிவில் இருக்கும் பதுளை மாவட்டத்துக்கு இது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்பதை 2014 ஒக்டோபர் 29 காட்டியது. கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் காலைவேளையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அங்கிருந்து மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. முதல் நாட்களில் காணாமற்போனவர்களின் எண்ணிக்கை நூறு என்றும், இருநூறுக்குக் கிட்ட என்றும், முந்நூறு என்றும் மாறி மாறிச் சொல்லப்பட்டது. குடியிருப்பாளர் விவரம் வைத்திருந்த அலுவலகமும் மண்ணுக்குள் போய்விட்டதால் யார் யார் அங்கே வாழ்ந்தார்கள் என்று உறுதிசெய்ய முடியவில்லை என அப்போதைய செய்திகள் கூறின. மண்ணுக்கடியில் இருப்பவர் பெயரைச் சொல்லத் தேவையான ஏடும் அவரோடு சேர்ந்தே மண்ணுக்கடியில் போனது. இதைவிடக் கொடிய ஒரு சேமிப்புத் தவறை நினைத்துப் பார்ப்பது கடினம். பதிவேடு காப்பாற்ற வேண்டியவர்களும் பதிவேடும் ஒரே சரிவில் இருக்கக்கூடாது என்பதை அன்றே சட்டமாக்கியிருக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீதி அறுந்தது, மலையக ரயில்பாதை சிதைந்தது, மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றன. அத்தகைய வாரத்தில் தோட்டத்துச் சேர்வரை மட்டும் நம்பியிருந்தாலும் பயனில்லை, கிளவுட்டை மட்டும் நம்பியிருந்தாலும் பயனில்லை.

இனிக் கிளவுட். அதன் உண்மையான பலம் பலரும் சொல்லும் மலிவில் இல்லை, ஆட்பலத்தில் இருக்கிறது. ஹாலி எலயிலோ பசறையிலோ உள்ள ஒரு தோட்டத்துக்கு, டிஸ்க் மாற்றவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் ஆள் வைப்பது கட்டுப்படியாகாது. அமேசானின் எஸ்3 போன்ற சேவை, ஒரு கோப்பை ஒரே பிராந்தியத்தின் பல கட்டடங்களில் பிரித்து வைத்து, டிஸ்க் பழுதால் கோப்பு அழியும் வாய்ப்பை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடுகிறது. பழுது பார்ப்பது வேறொருவர் தலைவலி. பெரிய துரை மாறினாலும் கிளாக்கர் ஓய்வுபெற்றாலும் கோப்பு அதே இடத்தில் இருக்கும். ஊவாவின் மண்சரிவு மும்பையைத் தொடாது.

விலையில்தான் கணக்குப் பிசகுகிறது. இலங்கையில் அமேசான், மைக்ரோசொஃப்ட், கூகுள் ஆகிய மூன்றுக்கும் சொந்தப் பிராந்தியம் இல்லை; பக்கத்தில் இருப்பவை இந்தியாவும் சிங்கப்பூரும். பட்டியல் டொலரில் வருகிறது. மும்பையில் சாதாரண எஸ்3 சேமிப்பு கிகாபைட்டுக்கு மாதம் இரண்டரை சதம் அளவில். 10 டெராபைட்டுக்கு 250 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டியிருந்தபோது அது 50,000 ரூபா. அதே ஆண்டு மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது 90,000. ஒரு கோப்பும் கூடாமல், ஒரு சேவையும் மாறாமல், இரண்டே மாதத்தில் பட்டியல் ஏறக்குறைய இரட்டிப்பானது. வைத்ததைத் திருப்பி எடுக்கவும் காசு: வெளியே இறக்கும் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் பதினொரு சதம் அளவில் கட்ட வேண்டும். 10 டெராபைட்டையும் ஒருமுறை இறக்க நினைக்கும் கம்பனி ஏறத்தாழ 1,100 டொலர், டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் மூன்று இலட்சத்து முப்பதாயிரம் ரூபா, கட்ட வேண்டிவரும். வாங்கும்போது எவரும் இந்த வரியைப் படிப்பதில்லை.

அதே 2022ஐ மறுபக்கம் திருப்பியும் பார்க்க வேண்டும். மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ரூபாவின் சரிவு கிளவுட்டைத் தாக்கியபோது, இருள் சொந்தச் சேர்வரைத் தாக்கியது. மாற்று டிஸ்க் வாங்கவும் டொலர்தான் வேண்டியிருந்தது. நெருக்கடி ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்கும் என்று நம்பித் திட்டமிட்ட எவரும் அந்த ஆண்டில் தப்பவில்லை.

கிளவுட்டுக்கு எதிரான வாதத்துக்கு டிராப்பொக்ஸை மேற்கோள் காட்டுவது வழக்கம். அந்த நிறுவனம் 2015இல் தன் கோப்புகளில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து சொந்தச் சேர்வர்களுக்கு மாற்றி, இரண்டு ஆண்டில் ஏழரைக் கோடி டொலருக்குக் கிட்டச் சேமித்தது உண்மை. ஆனால் கோப்புச் சேமிப்பதே அவர்கள் தொழில். அதற்கென்றே மென்பொருள் எழுதும் பொறியாளர் படை அவர்களிடம் இருந்தது. தேயிலை விற்கும் கம்பனி அந்தக் கணக்கைத் தனக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு.

பணத்தைவிடக் கனமான குறை வேறு. டிஸ்க் பழுதுக்கு எதிராகக் கிளவுட் தரும் காவல், மனிதத் தவறுக்கு எதிராகத் தானாக வருவதில்லை. 2024 மே மாதம் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி கூகுள் கிளவுட்டில் வைத்திருந்த தனிக் கிளவுட், கூகுள் தரப்பில் அமைப்பில் விட்ட ஒரு பிழையால் அழிந்தது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. நிதி மீண்டுவரக் கைகொடுத்தவற்றுள் ஒன்று வேறொரு வழங்குநரிடம் வைத்திருந்த பிரதி. அதுவும் ஓய்வூதிய நிதி. தொழிலாளரின் கடைசிக்காலப் பணம்.

நம் நாட்டுச் சம்பவம் இன்னும் கசப்பானது. 2023 ஆகஸ்ட் 26இல் இலங்கை அரச கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த அமைப்போடு இணைந்திருந்த பிரதியும் பூட்டப்பட்டது. இணைப்பறுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு ஏப்ரலில் ஆதரவை நிறுத்திய பழைய மின்னஞ்சல் மென்பொருளில்தான் அந்தச் சேவை ஓடியது. புதுப்பிக்க நிதி போதாமை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன், 2021இல், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவும் அரச கிளவுட்டிலிருந்து அழிந்திருந்தது. ஒருமுறை பட்ட நாடு இரண்டாம் முறையும் அதே இடத்தில் பட்டது வருத்தத்துக்குரியது.

தென்கொரியாவில் நடந்தது நேரே நம் கேள்விக்குள் வருகிறது. 2025 செப்டெம்பர் 26இல் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு நிலையத்தில் மின்கலத்திலிருந்து தீ பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பு எரிந்துபோனது. கொள்ளளவு 858 டெராபைட். வெளியே பிரதி இல்லை. ஏன் இல்லை? அளவு மிகப் பெரியதாக இருந்ததால் வெளிப் பிரதி எடுக்கவில்லை என்பதுதான் பதில். அந்த 858 டெராபைட்டுக்குள் எத்தனையோ அற்பக் கோப்புகளும் இருந்திருக்கும், திரும்பக் கிடைக்காத கோப்புகளும் இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டதால், பெருங்கோப்புகளின் பாரமே சிறுகோப்புகளுக்குப் பிரதி எடுக்கவிடாமல் தடுத்தது. உலகின் மிக முன்னேறிய மின்னரசுகளில் ஒன்றுக்கு நேர்ந்த இந்தத் தவறு, கெமராக் காட்சியும் செக்ரோலும் ஒரே பெட்டியில் கிடக்கும் எந்தத் தோட்டத்து ஒபிஸிலும் நேரலாம்.

சொந்தச் சேர்வரையும் கிளவுட்டையும் சேர்த்துவைக்கும் கலப்பு முறைதான் இன்று பெரும்பாலான ஆலோசகர்களின் பரிந்துரை. தோட்டத்தில் ஒரு சிறு பெட்டி. அதிலுள்ள கோப்புகள் லைன் இருக்கும்போதெல்லாம் தானாகக் கிளவுட்டுக்கு ஏறும். ஊவாவுக்கு இது பொருத்தமானதே. செக்ரோலின் ஒரு நாள் பதிவு 200 கிலோபைட், கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. நமுனுகுலைச் சாரலில் அரைகுறையாக வரும் சிக்னலிலும் அது ஏறிவிடும். லைன் அறுந்த நாளில் பெட்டி தனியே வேலை செய்யும்.

இருந்தாலும், கலப்பு முறையை விற்பவர்கள் இரண்டு விசயத்தை வாய்விட்டுச் சொல்வது குறைவு. முதலாவது, சிங்க் என்பது பெக்கப் அல்ல. இங்கே அழித்தது அங்கேயும் அழியும். இங்கே ரான்சம்வெயார் பூட்டியது சில நிமிடத்தில் அங்கேயும் பூட்டிய நிலையில் போய் உட்காரும். பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட காலம் யாராலும் அழிக்க முடியாமல் வைத்திருக்கும் பூட்டு கிளவுட்டில் உண்டு; அதை ஒருவர் கேட்டு இயக்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. உள்ளூர்ப் பெட்டியில் இடம் நிறையும்போது, நெடுநாள் திறக்காத கோப்புகளின் உள்ளடக்கத்தைக் கிளவுட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் பெட்டியில் விட்டுவைக்கும் வசதி உண்டு. மைக்ரோசொஃப்டின் அசூர் ஃபைல் சிங்க் இதற்கு ஓர் உதாரணம். திரையில் பார்த்தால் 1998ஆம் ஆண்டுச் செக்ரோல் அங்கேயே இருப்பதுபோல் தெரியும். இரட்டைச் சொடுக்கினால்தான் அது கடலுக்கு அப்பால் இருப்பது தெரியவரும், லைன் இருந்தால். எதைப் பெட்டியில் வைத்து எதை வெளியே தள்ளுவது என்பதை அந்த மென்பொருள் அண்மையில் திறந்த தேதியை வைத்துத் தீர்மானிக்கிறது. முப்பது ஆண்டாக எவரும் திறக்காத ஏடு, ஓய்வுபெறும் நாளில் ஒருவருக்கு வாழ்வாதாரம் என்பது அந்த விதிக்குள் வராது.

ஆகவே கோப்புகளை அளவால் பிரிக்காமல், தொலைந்தால் யாருக்கு நட்டம், மறுபடி உண்டாக்க முடியுமா என்ற இரண்டாலும் பிரிக்க வேண்டும். கெமராக் காட்சி கம்பனியின் பாதுகாப்புக்கு. மாதம் கழித்து எவருக்கும் தேவையில்லை. ஏல ஆவணங்களுக்கு வெளியிலும் பிரதி உண்டு: 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியபின், தரகரிடமும் வாங்குபவரிடமும் அதே தகவல் இருக்கிறது. டிரோனில் எடுத்த மலைப் படங்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். அவை கனமானவை, மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் அழித்துவிடுகிறார்கள். சரிந்த மலையின் சரியாத காலத்துப் படத்தை எந்த டிரோனும் மறுபடி எடுக்காது. டித்வாவுக்கு முன் எடுத்த சரிவுப் படங்கள் வைத்திருக்கும் கம்பனிகள் அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த லயத்தை எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு அவை உதவும்.

செக்ரோலும் சேமலாப நிதி ஆவணமும் இந்த இரு அளவுகோலிலும் உச்சியில் நிற்கின்றன. தொலைந்தால் மறுபடி உண்டாக்க முடியாது. நட்டம் முழுவதும் பிரதி இல்லாத ஒருவருக்கு. அவற்றைக் காப்பாற்றும் செலவோ வியக்கவைக்கும் அளவுக்குச் சிறியது. தொடக்கத்தில் கண்ட 2.4 கிகாபைட்டை மும்பையில் சாதாரண சேமிப்பில் வைக்க மாதம் ஆறு சதம், பதினெட்டு ரூபா. கணினிக்கு முந்திய காலத்து ஏடுகளை ஸ்கேன் செய்தால் ஒரு தோட்டத்துக்கு ஐம்பது கிகாபைட்டை ஒட்டி வரலாம்; இருபது தோட்டங்கள் உள்ள கம்பனிக்கு ஒரு டெராபைட். திரும்ப எடுக்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் ஆழ்சேமிப்பில் அதற்கு மாதம் ஓரிரு டொலர். சேவைக்காலப் பணத்துக்காகக் காத்திருப்பவர் பன்னிரண்டு மணி நேரம் காத்திருப்பார். பல ஆண்டு அலைந்தவர்களும் இருக்கிறார்கள். இதோடு இணைப்பறுத்த ஹார்ட் டிஸ்க் இரண்டை மாதம் மாற்றி மாற்றி எழுதி, ஒன்றைத் தோட்டத்துக்கு வெளியே பதுளை நகரில் வைத்தால், தீயும் மண்ணும் ரான்சம்வெயாரும் கூகுளின் பிழையும் ஒரே நாளில் வந்தாலும் ஒரு பிரதி மிஞ்சும்.

உண்மையான செலவு ஸ்கேன் செய்யும் உழைப்பில் இருக்கிறது. ஈரத்தில் ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பதிவிலக்கத்தோடு ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும். தோட்டத்தைத் தெரிந்த, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டமும் கொடுக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கணினி படித்துவிட்டு வேலை தேடுகிறார்கள். அந்த ஏடுகளில் இருப்பது அவர்களுடைய அம்மாவின், அப்பாயியின் பெயர்.

கோப்பு பிழைத்தால் போதாது, திறக்கவும் வேண்டும். தொண்ணூறுகளில் பரவலாக இருந்த ஃபொக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளுக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2015 ஜனவரியோடு முற்றாக நிறுத்தியது. அந்தக் காலத்துச் சம்பள மென்பொருளில் உள்ளவற்றைச் சாதாரண அட்டவணையாகவும் அச்சிடத்தக்க பக்கமாகவும் மாற்றிவைக்காவிட்டால், எந்தச் சேமிப்பில் வைத்தும் பயனில்லை. சேமிப்பு விற்பவர் இந்த வேலையைச் செய்து தருவதில்லை.

விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் ஒரு சோதனையைக் கம்பனிகள் செய்து பார்க்கலாம். லைனைத் துண்டித்துவிட்டு, இன்று வேலையிலில்லாத ஒரு தொழிலாளியின் 1998ஆம் ஆண்டு ஜூன் மாதப் பக்கத்தைக் கேட்கட்டும். லைன் வந்தபின் மறுபடி கேட்கட்டும். தோட்டத்துச் சேர்வர் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் கேட்கட்டும். யார் எடுத்துக் கொடுத்தார், எவ்வளவு நேரம் ஆனது, அந்த ஆள் விடுமுறையில் இருந்தால் வேறு யாருக்குக் கடவுச்சொல் தெரியும் என்று எழுதிக்கொள்ளட்டும்.

தொழிலாளி தரப்புக்கும் இதில் உரிமை உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைத் தனி மனிதருக்கு எழுதிவைத்திருக்கிறது. தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காகப் போராடும் அளவுக்கு இந்த உரிமைக்காகப் பேசியதில்லை. பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. ஏனென்றால் கம்பனிகள் பல, தேயிலை நிலத்தைத் தொழிலாளர்களிடம் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கிக்கொள்ளும் அவுட்குரோவர் முறைக்கு நகர்ந்து வருகின்றன. அந்த முறையில் பெரட்டு இல்லை, பேர் இல்லை, நாள் தோறும் எழுதும் செக்ரோலும் இல்லை. பழைய செக்ரோலை வைத்திருக்கக் கம்பனிக்கு இருக்கும் கடைசிக் காரணமும் அதோடு தேய்ந்துவிடும். சேவைக்காலப் பாக்கியோ அப்படியே நிற்கும். அந்த மாற்றத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகும் மேசையிலேயே பழைய பதிவுகளின் ஒரு முழுப் பிரதி பதுளைத் தொழில் அலுவலகத்துக்கும், அவரவர் பக்கங்களின் அச்சுப் பிரதி அவரவர் கைக்கும் போக வேண்டும் என்று ஒரு வாசகம் சேர வேண்டும். ஸ்கேன் செலவைக் கம்பனி ஏற்கும் என்பதும் அதற்கான கடைசித் தேதியும் அதே வாசகத்தில் இருக்க வேண்டும்.